மாற்றங்கள் ஏதேனும்?

மேரிபோர்ட்டில் மழை
தன்னை மழை என்று சொல்லிக்கொள்ளாமலே நனைக்கும்.
வீட்டுக்குள் சிக்னல் இல்லை,
காரில் உட்கார்ந்து பேசுகிறேன்.
ஸ்வான்சியிலிருந்து அனைரின் என்றொரு குரல்:
"மாற்றங்கள் ஏதேனும் செய்திருக்கிறீர்களா, மிஸ் ரெல்ஃப்?"

முப்பத்தெட்டு வயதுவரை
இந்தக் கேள்விக்கு நேர்ப்பதில் சொன்னதில்லை.
சொன்னேன்.
காற்றுப்பெட்டி. சைலன்ஸர், முன்னிருந்து பின்வரை.
ஓர் அங்குலம் தாழ்ந்த ஸ்பிரிங்.
எஞ்சினின் மூளையைக் கார்லைலில் ஒருவன்
லேப்டாப் வைத்துத் திருத்தினான்;
நாற்பது குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டிக்கொண்டு
பொழுது சாய வீடு வந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் அவர் தட்டெழுதும் ஓசை
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
கியர் குமிழ்? அதையும் ஒப்புக்கொண்டேன்.
குமிழுக்குக் காசில்லை என்றார், கருணையோடு.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பவுண்டு.

அட்டை ஆலையில் போன வருடம் வாரம் ஐந்து ஷிப்ட்,
இந்த வருடம் மூன்று.

எல்லாம் கழற்றி, கம்பெனி தந்த மேனிக்கே திருப்பிவிட்டால்?
தொள்ளாயிரத்துப் பத்து.
சரி, மே பன்னிரண்டுக்குள், என்றேன்.

எந்தப் பெட்ரோல் என்று மட்டும் அவர்கள் கேட்பதேயில்லை.
பிப்ரவரியில், சம்பளத்துக்கு மூன்று நாள் முன்பு,
தொண்ணூற்றொன்பது குடித்து வளர்ந்ததற்குத்
தொண்ணூற்றைந்தை ஊற்றினேன், பத்து லிட்டர்,
அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.
காக்கர்மத் ஏற்றத்தில், மூன்றாம் கியரில்,
டப்பாவில் குலுங்கும் கூழாங்கல்லாய்
ஒரே ஒரு முனகல்.
பிறகு தன் பொறியைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் ஏறியது.
சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை.
ஸ்பேனர்கள், துரு இளக்கும் எண்ணெய், கிழிந்த கையுறை.
ஷெட்டின் மேல்தட்டில் ஆறு வருடமாக
மூடி பிளந்து கிடந்தது பழைய காற்றுப்பெட்டி.
கை நீட்டினேன்.
கன்னத்தை உரசிக்கொண்டு எதுவோ பறந்தது.
உள்ளே பாசி, பக்கத்து வீட்டு நாயின் முடி,
எஞ்சின் துடைத்த துணியின் நூல்.
காற்று நுழைய வேண்டிய வாயில்
ஐந்து முட்டைகள், வெள்ளையில் செம்புள்ளி.

ரென்.
கட்டைவிரல் பருமன், வால் மட்டும் நிமிர்ந்த திமிர்.
வேலியில் நின்று அது என்னைத் திட்டிய திட்டில்
தெருக்கோடிவரை ஜன்னல் அதிர்ந்திருக்கும்.
எடைக்கு இத்தனை சக்தி
கார்லைல்காரனால் எந்த லேப்டாப்பிலும் எழுத முடியாது.
அது குடிப்பது எந்த ஆக்டேன்?

"கூட்டில் கை வைத்தால் கேஸு," என்றார்
நாய்க்குச் சொந்தக்காரர் குத்பர்ட் சூயல்,
வேலிக்கு மேல் தலையை மட்டும் வைத்து.
தெரியும், என்றேன். தெரியாது.

திங்கட்கிழமை மறுபடி ஸ்வான்சி.
மாற்றங்கள் அப்படியே இருக்கட்டும்.
"காரணம்?"
பறவை.
ஆலங்கட்டி நின்றது.
பறவைக்குக் கட்டமில்லை அவர்கள் படிவத்தில்,
'பிற' என்பதிலும் கொள்ளவில்லை போல.
எத்தனை வாரம் என்றார்.
அடைக்கு இரண்டரை, இறகுக்கு இரண்டரை.
மாதத் தவணை, வட்டியோடு, போட்டுத் தந்தார்.
வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி
முட்டை என்ன நிறம் என்று கேட்டார்.

இப்போது விடிகாலை ஷிப்டுக்கு
நாலே முக்காலுக்குக் கிளம்புகிறேன்.
சாவியைப் பாதி திருப்பி, ஹேண்ட்பிரேக்கை விட்டு,
சரிவில் சும்மா உருட்டுகிறேன்.
ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கிறது.
முந்நூற்று நாற்பது குதிரைகளும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டைக் கடக்கின்றன.
தேவாலய முனை தாண்டித்தான் எஞ்சினை எழுப்புகிறேன்.

இதை மட்டும்
அனைரினிடம் சொல்லவில்லை.