பச்சைச் சரி

கொக்குவிலில் ரயர்க்கடைக்கு மேல் எங்கள் அறை.
மரண அறிவித்தல் தளம் ஒன்று,
வெள்ளிக்குள் முடிக்கவேணும்.

முப்பது தீம் பார்த்தாச்சு.
‘கடற்கரை’யில் பொத்தான்கள் துள்ளும்.
‘நள்ளிரவு’ எனக்குப் பிடித்தது.
முதலாளி ஸ்காபரோவிலிருந்து சொன்னார்:
கறுப்பு துடக்கு மாதிரியாம், வேண்டாமாம்.
கடைசியில் சாம்பல்.

மூலைகளின் வளைவை எட்டிலிருந்து இரண்டாக்கினேன்.
நாட்காட்டியில் இன்றைய திகதியைச் சுற்றிய
செம்மஞ்சள் வட்டத்தை எடுத்தேன்.
யதுர்சன் கொத்துரொட்டிப் பொதியைப் பிரித்தபடி,
“எழுத்தைப் பெரிசாக்கு,
அழுத கண்ணால வாசிக்கிற சனம்.”

சோதனைக்கு ஒரு பெயர் வேண்டும்.
என்னுடையதையே போட்டேன்.
பிறந்தது: சுன்னாகம். இறந்தது: இன்று.
அனுப்பு.

மேல்மூலையிலிருந்து குதித்து வந்தது
ஒரு பச்சைப் பெட்டி,
பள்ளிக்கூடச் சரி அடையாளத்தோடு:
“வாழ்த்துகள்! வெற்றிகரமாக முடிந்தது!”

கீழே யாரோ ரயருக்குக் காற்றடிக்கிறார்கள்.

பச்சையை அழித்தேன். துள்ளலை அழித்தேன்.
வாழ்த்துகளை, இரண்டு ஆச்சரியக்குறிகளையும்.
வெறும் பெட்டிக்குள்
ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கிறது.

யதுர்சன் கை கழுவிக்கொண்டு வந்து
ஈரவிரலால் தட்டினான்:
“கிடைத்தது.”

“நிறத்தைப் பிறகு பாப்பம்,” என்றான்.