ஒரு பங்கு

பாக்கெட்டின் முதுகில் பொடியெழுத்தில் இருப்பது
வெர்னா லைன்பேக்கின் கணக்கு.
பென்சில்வேனியாவில், இரவு ஷிப்டில்,
நொறுக்கிய சிப்ஸை எஃகுக் குடுவையில் அடைத்துக் கொளுத்துவாள்.
சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறதோ
அதுதான் கலோரி.

அரை கிராமுக்குக் குறைந்த கொழுப்பைப்
பூஜ்யம் என்று போடலாம், சட்டம் விடுகிறது.
போடுவாள்.

இருபத்தெட்டு கிராம் ஒரு பங்கு.
எண்ணினால் பதினைந்து சில்லு.
பதினைந்தில் கையை எடுத்த ஆளை
இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

விடிகாலை வீடு திரும்பினால்
டிவி ஓடுகிறது, மெர்லின் சோபாவில் தூங்குகிறான்.
பிரஷர் மாத்திரை நேற்றையதும் அப்படியே.
மீசையில் உப்பு.

திட்ட வாயெடுத்தவள்
அவன் மடியிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கவிழ்க்கிறாள்.
அடியில் தூள்தான்.
விரலை எச்சில் தொட்டு
ஒற்றி ஒற்றி நக்குகிறாள்.

அரை கிராம்கூடத் தேறாது.