கணக்குத் தலைப்பு

ஒன்றரைப் பக்க ஆணை,
செவ்வாய் மாலை மூன்று ஐம்பதுக்கு மின்னஞ்சலில்.
"நிதி நிலைமையைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கி
"தவறாது பின்பற்றப்பட வேண்டும்" என்று முடிந்தது.
இடையில் யார் பெயரும் இல்லை.
பெயர் போடுவது என் வேலை.

மழை விட்டு இரண்டு நாளாகியும்
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் வடியவில்லை.
பாதிப் பிள்ளைகள் வரவில்லை.
ஆணை மட்டும் நனையாமல் வந்து சேர்ந்தது.

சம்பளப் பட்டியலைத் திறந்தேன்.
பதினேழு: கிளாரா, தையல், பகுதி நேரம்.
பதினெட்டு: நௌஷாத், கணினி, பகுதி நேரம்.
பத்தொன்பது: ரமணம்மா, துப்புரவு, தொகுப்பூதியம்.
மூன்றையும் நீலமாக்கி ஒரு பொத்தானை அழுத்தினேன்.
இருபதில் இருந்த இரவுக் காவலர்
ஒன்றும் தெரியாதவர்போல் மேலேறி வந்து
பதினேழு ஆனார்.
அடியில் கூட்டுத்தொகை
தன்னைத் தானே திருத்திக்கொண்டது.
நான்காவது வரிசையில் நான்.
ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்,
இரண்டு முறை.

தலைமை ஆசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி.
பொறுப்பில் இருக்கும் அறிவியல் டீச்சர்
தாளைப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.
"பாத்தா போட முடியாது சார்."

நௌஷாத் சத்தம் போடவில்லை.
ராத்திரியில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர்
இனி பகலிலும் போவார்.
"மே மாசம் எங்களுக்கு எப்பவும் சம்பளம் கிடையாதே சார்,
இது கொஞ்சம் நீளமான மே, அவ்ளோதான்" என்றார்.
கணினி அறைச் சாவியை வைத்துவிட்டு
கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார்.
அதில் அவர் மகள் பெயர் இருந்தது.

ரமணம்மா ஆணையை நம்பவில்லை.
மறுநாளும் துடைப்பத்தோடு வந்தாள்.
"பேப்பரை நீயே வச்சிக்க சார். கக்கூசு நாறுது."
மூன்று நாள் கழுவினாள், காசில்லாமல்.
நான்காம் நாள் பெரம்பூரில் ஏதோ அடுக்குமாடியில்
வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள்.
அடுத்த வாரத்திலிருந்து
ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.
மதியத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டில்
அவர்களுக்கு எதிரே சின்னச் சின்னப் புள்ளிகள்.

கிளாரா டீச்சர் கடைசியாக வந்தார்.
இருப்புப் பதிவேட்டைப் பிரித்து ஒப்படைத்தார்:
தையல் இயந்திரம் மூன்று, ஒன்று பழுது.
அளவு நாடா ஐந்து. பொத்தான் டப்பா ஒன்று.
கத்தரிக்கோல் அவருடையது. எடுத்துக்கொண்டார்.
பன்னிரண்டு வருடம் இருந்தவர்
எந்தப் பக்கத்திலும் இருப்பில் இல்லை.

"எங்க சம்பளம் எதுல இருந்து வந்துச்சு சார்?"
"அதுக்குன்னு ஒரு கணக்குத் தலைப்பு இருக்கு டீச்சர்.
அதுல இப்ப ஒதுக்கீடு இல்ல."
அவர் சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்தார்.
"எனக்குத் தெரிஞ்ச தலைப்பு இது ஒண்ணுதான்" என்று
சிரிக்கப் பார்த்தார்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"வெட்டறது தப்பு இல்ல சார்.
துணின்னா வெட்டித்தான் ஆகணும்.
தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டணும்.
விடாம வெட்டிட்டா
அப்புறம் யார் வந்தாலும் சேக்க முடியாது."

அது ஆணையைப் பற்றியா,
வராந்தாவில் பாதியில் நின்ற
எட்டாம் வகுப்பின் பாவாடைகளைப் பற்றியா,
நான் கேட்கவில்லை.

பத்து நாள் இருக்கும்.
ஆறாம் வகுப்பு பி பிரிவு லோகு
சட்டைப் பை கிழிந்து தொங்க
அலுவலக வாசலில் நின்றான்.
"கிளாரா மிஸ் இல்லியா சார்?"
இல்லை என்றேன். போகாமல் நின்றான்.
பைக்குள்ளிருந்த பேனா தரையில் விழுந்தது.

மேசையைத் தேடினேன்.
ஆணையைக் கோப்பில் சேர்த்த ஸ்டேப்ளர்தான் இருந்தது.
வாடா என்று கிட்டே இழுத்து
பையின் மேல் மூலையில் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று.
டக். டக்.
பேனாவைக் குத்திக்கொண்டு ஓடினான்.
மணி அடிக்கும் முன்பே திரும்பி வந்து
நெஞ்சைப் பிடித்தபடி சொன்னான்:

"சார், உள்ள குத்துது."