வலது பின் கட்டு

காவேரிப்பட்டணம் தாண்டி, மாங்கூழ் ஆலைக்கு எதிரில்
தஸ்தகீர் பட்டறை.
வைகாசி. காற்றில் புளித்த கொட்டை நாற்றம்,
அதற்கும் மேல் கேஸ் வெட்டும் நெடி.

எழுபத்துநான்கு மாடல் லேலண்டு.
பழைய மூன்றெழுத்து நம்பர் பலகை.
ஏலத்தில் நான் எடுத்த அன்றே
வலப்பக்கம் சாய்ந்துதான் நின்றது,
பஸ்ஸில் தூங்குகிறவன்
பக்கத்து ஆள் தோளில் சாய்கிற மாதிரி, கூச்சமே இல்லாமல்.

ஆறு வருஷமாய்த் திம்மராயன் ஓட்டுகிறார்.
வண்டி வலம் சாய, அவர் இடம் சாய,
நடுவில் எப்படியோ நேராய்ப் போனது ரோடு.
இறங்கி டீக்கு நடக்கும்போதும்
இடது தோள் இரண்டு விரல் தாழ்ந்தே வரும்.

ரயில் கட்டை அடுக்கிச் சேசிஸைத் தாங்கினார்கள்.
சக்கரங்கள் கழன்று சுவரோரம் போயின.
யூ போல்ட் அசையவில்லை:
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியும்,
ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கியும்.
கடைசியில் நீலத் தீ.
நட்டு சிவந்தது, வெளுத்தது,
தரையில் விழுந்து உருண்டு
என் செருப்பருகே வந்து கறுத்தது.

சென்டர் போல்ட்டைத் தட்டியதும்
கட்டு மொத்தமும் சீட்டுக்கட்டாய் விரிந்தது.
இடுக்கெல்லாம் துரு, பர்கூர் கல்மாவு.
பத்துப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில்
எண்ணினால் பதினொன்று.

நான்காவது இரண்டாய் வந்திருந்தது.

முறிந்த வாயைப் பனியனில் துடைத்து
வெயிலுக்குக் காட்டினார் தஸ்தகீர்.
பாதி கறுப்பு. பாதி வெள்ளி.
"கறுப்பு பழசுக்கா, எத்தினியோ வருஷமா கீறி நின்னுருக்கு.
இந்த வெள்ளை இப்பத்தான்.
ரெண்டு மாசம் தாண்டாது."

ரெண்டு மாசம்.
கணக்கு எழுதுகிறவள் நான், தேதிக்கு நோட்டு வேண்டாம்.
பங்குனி கடைசி வியாழன்.
ஆறு கல் ஏற்றியாயிற்று.
இன்னும் ரெண்டுதானே கிடக்கு,
அதுக்காக ஒரு டிரிப்பா என்றது
நான்தான்.
தொப்பூர் இறங்கி, ஓரம் கட்டி, போன் செய்தார்:
"டப்புன்னு ஒரு சத்தம்க்கா. வண்டி என்னமோ சொல்லுது."
டயரில் கல் தெறித்திருக்கும் என்றேன்.
குவாரிக்காரன் இன்னொரு போனில் காத்திருந்தான்.

கறுத்த பாதி யாருடையதோ.
வெள்ளைப் பாதி என்னுடையது.
திம்மராயன் என் பக்கம் திரும்பவில்லை,
டயர்மேல் உட்கார்ந்து பீடிக்கு நெருப்பு தேடிக்கொண்டிருந்தார்.
திட்டியிருக்கலாம்.

புதுக் கட்டு கிருஷ்ணகிரியிலிருந்து வந்தது, பச்சைப் பெயின்ட் வாசத்தோடு.
முனைக்கு முனை நூல் பிடித்து வளைவு பார்த்தார்கள்:
பழசில் நூலுக்கும் இரும்புக்கும் ஒரு விரல்,
புதுசில் கை நுழைந்தது.
பின், புஷ், கிரீஸ்.
"இடதையும் மாத்துங்கக்கா. ஒரு காலுக்கு மட்டும்
புதுச் செருப்பு போட்டு நடப்பீங்களா?"
மாற்றினேன். தொகையை எழுதும்போது பேனா நின்றுபோனது,
மை தீர்ந்துதான்.

சாயந்தரம் ஜாக்கை இறக்கியபோது
வண்டி இறங்கவில்லை, எழுந்தது.
வலதில் ஐந்து விரல், இடதில் மூன்று.
வீட்டு ஷெட்டில் இனி நுழையாது, தகரத்தை வெட்டவேண்டும்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆலை வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வந்தார்.
வெறும் வண்டி கன்றுக்குட்டியாய்க் குதித்தது.
பழைய பழக்கத்தில் அவர் ஸ்டியரிங்கை இடம் இழுக்க,
மாங்கொட்டைக் குவியலில் ஒரு சக்கரம் ஏறி இறங்கியது.
"வண்டி நேராயிடுச்சுக்கா. நாந்தான் கோணல்."
அன்றைக்கு முதல்முறை சிரித்தார்.

இரும்புக்காரர் வந்து
இரண்டு பாதியையும் ஒரே தட்டில் போட்டு
ஒரே விலை சொன்னார்.

"குதிக்குதே," என்றேன்.
"பாரம் ஏத்துங்க, பணியும்."
"எவ்வளவு?"
தஸ்தகீர் கை கழுவிக்கொண்டிருந்தார்.
"ஆர்.சி. புக்குல எழுதியிருக்குமேக்கா."

கேபினில், சாமி படத்துக்குப் பின்னால்
பிளாஸ்டிக் உறையோடு இருந்தது அது.
உறை ஒட்டிப்போயிருந்தது.
நகத்தால்தான் பிரிக்கவேண்டியிருந்தது.