பன்னிரண்டாவது தகடு

தெமட்டகொடையில், ரயில்பாதையை ஒட்டி,
இரண்டு கராஜ்களுக்கு நடுவே எங்கள் உலை.
தொள்ளாயிரம் பாகை.
உள்ளே ஒரு மில்லிமீற்றர் டைட்டேனியத் தகடு.
மேலிருந்து ஆர்கன் ஊதுகிறது.
கீழே பீங்கான் அச்சில்
துறைமுகத்தில் கொள்கலன் கொக்கி தட்டிய
ஒருவரின் நெற்றி.
ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லவில்லை.
ஸ்கேன் கோப்பில் ஓர் இலக்கம்,
இடப்புருவத்துக்கு மேலே ஒரு பள்ளம்,
அவ்வளவுதான்.

பாடப்புத்தகம் இதை மீநெகிழ்வு என்கிறது.
நுஸ்கி பப்படம் என்கிறான்.

நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸில்
மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்குச்
சொல்லித்தர வேண்டியதில்லை:
உலோகமும் நெரிசல்தான்.
மைக்ரோன் அளவு மணிகள்
சூடு சரியாக இருந்தால்
தோளைத் திருப்பி, காலை மாற்றி,
ஒன்றையொன்று உரசி நழுவி
பின்னுக்குப் போய்விடும்.
நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நீளலாம்.
அதற்குமேல் தள்ளினால்
நடுவில் குழி விழும். பிறகு கிழியும்.

முதல் தகடு புருவத்தில் கிழிந்தது.
இரண்டாவதும் அங்கேதான்.
ஐந்தாவது, மின்சாரம் போனதில்.
ஏழாவது முழுசாக வந்தது.
நுஸ்கி தடிப்புமானியை ஓரத்தில் வைத்தான்:
பூச்சியம் தசம் மூன்று.
"மழை பெய்தால் மனுசனுக்கு
உள்ளே சத்தம் கேட்கும், மிஸ்."

கணினியில் அழுத்தக் கோட்டை
மறுபடி மறுபடி வரைந்தேன்.
ஏறுகிறது, நடுவில் இறங்குகிறது,
அச்சைத் தொட்டபின் மறுபடி ஏறுகிறது.
ஏன் இறங்க வேண்டும் என்றார் விதாரண சேர்;
கூட்டினால் அரைமணியில் முடியாதா?
முடியும் சேர்,
கிழிஞ்சுபோய் முடியும்.

பன்னிரண்டாவது, விடியப்புறம் இரண்டு பத்துக்கு.
எண்ணெய் ரயில் கடந்தபோது
முள் கொஞ்சம் நடுங்கியது.
நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.
எழுபது நிமிடம்
ஒரு தகடு தன்பாட்டில் நெற்றியாகிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு வேலை, அவசரப்படாமல் இருப்பது.

ஆறிய பிறகு தராசில் இருபத்தைந்து கிராம்.
ஓரத்திலும் தடிப்பு குறையவில்லை.
நுஸ்கி அதைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான்,
பிறகு என் நெற்றியில்,
பிறகு கேட்டடியில் தூங்கிக்கொண்டிருந்த
காவலாளியை எழுப்பி அவர் நெற்றியிலும்.

ஒருத்தருக்கும் பொருந்தவில்லை.

"அப்ப சரி, மிஸ்" என்றான்,
தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனான்.