இடது இறக்கை நீளம்

கார்பேத்திய மலைக்கு அடியில்
இருநூறு மீட்டர் ஆழத்தில் மழை இல்லை,
காற்றும் இல்லை.
அதற்காகத்தான் வருகிறோம்,
உப்பு வெட்டி முடித்த சுரங்கத்துக்கு, லிஃப்டில்,
பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு.

பெட்டிக்குள் ஒன்றரை கிராம் விமானம்.
பால்சாச் சட்டம், அதன்மேல்
சோப்புக்குமிழியின் தோல்போல ஒரு படலம்.
"இந்த முறையும் நீள்வட்டமா?" என்றான் டிபேரியு.
ஆமாம்.
நுனிவரை ஒடுங்கிப்போகும் இறக்கை
சுமையைச் சீராகப் பங்கிடும் என்கிறது கணக்கு.
அவனுடையது செவ்வகம்,
நுனி இரண்டையும் மேலே ஒடித்துவிட்டிருக்கிறான்.
பார்க்கச் சகிக்காது. பறக்கும்.

அளந்தால் தெரியும்:
இடது இறக்கை வலதைவிட ஒரு விரற்கடை நீளம்.
பிழையில்லை.
எந்நேரமும் இடப்பக்கமே வட்டமிட்டால்
உள்பக்க இறக்கைக்கு வேகம் குறைவு.
மெதுவாகப் போகிறவள் சாயாதிருக்க
கொஞ்சம் கூடுதல் வேண்டும்.
விவாகரத்து வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன்.
அவர் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் பறப்பு.
ரப்பரில் ஆயிரத்து நானூறு முறுக்கு.
கூரையருகே ஏறி, மூக்கு தூக்கி, தயங்கியது.
செவ்வகம் நடுவில்தான் முதலில் தளரும்,
தலையாட்டிச் சொல்லிவிட்டுத்தான் சோரும்.
நீள்வட்டம் சொல்வதில்லை.
முழு நீளமும் ஒரே நொடியில் கைவிட்டது.
எட்டு நிமிடம்.

நுனியில் பின்விளிம்பை
ஒரு நகக்கனம் உயர்த்த வேண்டும்.
இந்தக் கூடத்தில் நாற்பது பேரும்
மூச்சை அளந்துதான் விடுகிறோம்;
ஒருவர் வேகமாக நடந்தால்
எங்கோ ஒரு விமானம் வழிமாறும்.
அந்த மூச்சையே நுனியருகே
"ஹா" என்று ஊதினேன்.
ஈரம்பட்ட பால்சாவை இரு விரலில் முறுக்கிப்பிடித்து
முந்நூறு எண்ணினேன்.
விட்டேன். திரும்பவில்லை.
வடிவு கொஞ்சம் கெட்டது.

இரண்டாவது பறப்பில்
விசிறியின் சுற்றை எண்ண முடிந்தது.
நேரம் குறிக்கும் ரொக்ஸாண்ட்ரா
உப்புத்தரையில் உட்கார்ந்து
ஒரு பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் ஊறவைத்துத் தின்றாள்.
கூரையைத் தொடாமல் தொட்டு,
மறுபடி ஏறி, மனசில்லாமல் இறங்கி...
இருபத்தொரு நிமிடம், பதினான்கு நொடி.

தரையிறங்கியதும் ரப்பரை அவிழ்த்து எண்ணுவோம்,
செலவாகாத முறுக்கு எத்தனை என்று.
எனக்கு நூற்றுப்பன்னிரண்டு.
டிபேரியுவுக்கு ஏழு;
இருபத்திரண்டரை நிமிடம்.
இருந்ததையெல்லாம் பறந்து தீர்த்துவிட்டான்.

லிஃப்டில் என் பெட்டியை அவன் பிடித்துக்கொண்டான்.
என் கை நடுங்கியதைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
மேலே மழை.
மூடியைத் திறக்காமலே தெரியும்,
படலத்தில் உப்புத்தூசி படிந்திருக்கும்.
அது எத்தனை மில்லிகிராம்
என்று யோசித்துக்கொண்டே கார்வரை நனைந்தேன்.