இருட்டடிப்பு மூடி

பின் அச்சின் பல்சக்கர ஜோடி
பிஷ்கேக் கடையில் பத்தொன்பதாயிரம் சோம்.
பால் சங்கத்தின் கணக்கு எழுதுகிறவள் நான்.
அந்த எண்ணைப் பென்சிலில்தான் எழுதினேன்,
அழிக்க வசதியாக.

காலியான ராணுவ முகாமின் கிடங்கில்
எடைக்கு விற்கிறார்கள் என்று சொன்னவன் சகினாலி.
லாரி ஓட்டுகிறவன். லாரியும் பட்டாளத்து லாரிதான்,
பச்சையைச் சுரண்டினால்
அடியில் இன்னொரு பச்சை.

போனோம்.
கிடங்குக்காரர் யெமெல்யான்
பீரங்கி இழுக்கப் பிறந்த பல்சக்கரத்தையும்
ஓட்டைக் கெண்டியையும்
ஒரே தராசில் ஒரே விலைக்கு வைத்தார்:
கிலோ எழுபது.
ஏழு பெட்டி. எங்களுக்கு வேண்டியது மூன்றில் இருந்தது.
மீதி நாலையும் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டும்,
அது அவர் சட்டம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று ஆகிவிடக் கூடாதே என்று
கணவாய் இறங்கும்வரை
பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கெஞ்செகான் முற்றத்தில் பெரிய கொப்பரையை ஏற்றினாள்.
கல்யாணத்துக்குச் சோறு வடித்த கொப்பரை.
மரப்பெட்டி, தார்த்தாள், மெழுகுத்தாள்,
அதற்குள் பழுப்பாக இறுகிய மசகு.
ஒரு சீட்டு:
பழுதில்லை. பொதி கட்டியவர் எண் ஏழு.
வருஷம் எழுபத்தெட்டு.
எந்தப் போருக்கு என்று எழுதவில்லை.
மசகின் மேல் ஒரு பெருவிரல் ரேகை,
நேற்றுப் பதிந்ததுபோல.
பார்த்தாயா என்று கேட்பதற்குள்
அவள் அதைக் கொதிநீரில் போட்டுவிட்டாள்.

கொழுப்பு மிதந்தது.
ஆடு வேகிறதென்று நினைத்து
நாய் வந்து உட்கார்ந்தது.
இடுக்கியில் தூக்கியபோது பல்சக்கரம்
ஒரு பல்லும் தேயாமல்
எங்கள் எல்லோர் பல்லையும்விட
நன்றாக இருந்தது.
பேரிங்குகளைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள்.
"பேச்சே இல்லை" என்றாள்.
அது பாராட்டு.

முகப்பு விளக்கும் வந்திருந்தது,
இரண்டு வருஷமாய் ஒற்றைக் கண்ணோடு ஓடிய லாரிக்கு.
பழைய கண்ணையும் கழற்றிவிட்டு
புதுசு இரண்டையும் மாட்டினான் சகினாலி.
மேலே தகர மூடி, நடுவில் கீறல் போல ஒரு பிளவு.
ஆகாயத்திலிருந்து குண்டு போடுகிறவன்
பார்த்துவிடக் கூடாதென்று செய்த மூடி.
திருகுகள் அசையவில்லை.
பரவாயில்லை என்று
விடியுமுன்னே அப்படியே கிளம்பிவிட்டான்.

வெளிச்சம் பத்தடிக்குத் தரையில் தவழ்ந்தது.
விமானத்துக்கு ஒளிய வேண்டிய வண்டி
பால்காரிகளுக்கு ஒளிந்துகொண்டது.
திருப்பத்தில் நின்ற புருல்சா துள்ளி விலகினாள்,
கேன் விலகவில்லை.
பனியில் எட்டு லிட்டர்.
வெள்ளைமேல் வெள்ளை,
ஆவி வந்ததால்தான் தெரிந்தது.

"எழுதிக்கொள்" என்றாள் என்னிடம்,
"எட்டு லிட்டர், என் பெயரில்.
பட்டாளத்திடம் வாங்கினாலும் சரி,
கடவுளிடம் வாங்கினாலும் சரி."
எழுதினேன்.
மிச்சம் பிடித்தது பதிமூவாயிரத்து நானூறு,
அதில் பால் கழித்து.
பால் கழிவு என்ற பத்தியே இல்லை,
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

உளியால் பிளந்து எடுத்த மூடிகளில் ஒன்றை
புருல்சா கொண்டுபோனாள்.
கோழிக்குப் பார்லி அள்ள
அளவு சரியாக இருக்கிறதாம்.
பிளவு வழியே கொஞ்சம் சிந்துகிறது,
அதைக் குஞ்சுகள் பொறுக்குகின்றன.

திறக்காத நாலு பெட்டியில்
ஒன்றில் வாயுமுகமூடிக் கண்ணாடிகள்,
தேன்பெட்டி வைத்திருக்கும் தோக்தோசுன் கேட்டிருக்கிறார்.
இரண்டில் லாடம் போன்ற ஏதோ,
குதிரைக்குப் பெரிது, யானைக்குச் சிறிது.
கடைசிப் பெட்டி நாற்பத்தொரு கிலோ.
அசைத்தால் உள்ளே ஏதோ ஒன்று மட்டும்
மெதுவாக உருண்டு
மறுமூலையில் போய் நிற்கிறது.
கெஞ்செகான் கடப்பாரையோடு இரண்டு தடவை வந்தாள்.
மாதக் கணக்கை முடித்துவிடுகிறேன்,
அப்புறம் திற என்று சொல்லியிருக்கிறேன்.